தன்னார்வலர்கள் நடத்தும் வெப் மீட்டப் குழுக்களின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீட்டப்புக்கு முதல் தடவை வருகிறவர்களும் சரி, பல வருடம் நடத்திக் களைத்தவர்களும் சரி, சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்றபடி பாதிப் பதில் சொல்லிவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. அதனால் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்து, முழுப் பதிலோடு இங்கே வைத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றைத் தொட்டுச் செல்வதால் எண் போட்டிருக்கிறேன்.

1. மீட்டப்னா என்னங்க? கம்பெனிங்க நடத்துற செமினார் மாதிரியா?

இல்லை. கம்பெனி செமினாரில் விற்க ஒரு சரக்கு இருக்கும், கேட்க வந்தவர் வாடிக்கையாளர். மீட்டப்பில் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. ஒரே வட்டாரத்தில் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள் (வெப் மீட்டப் என்றால் வலைத்தளம் உருவாக்குகிறவர்கள்) மாதம் ஒரு முறை கூடி, கற்றுக்கொண்டதையும் மாட்டிக்கொண்டு முழிப்பதையும் பேசிக்கொள்கிறார்கள். இந்த மாதம் மேடையில் பேசியவர் அடுத்த மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

பேச்சுகள் முடிந்த பிறகுதான் பாதி விஷயமே நடக்கும். ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, "இந்தப் பக்கம் போன்ல மட்டும் வலப்பக்கம் நகருது, ஏன்னே தெரியல" என்பார். பின்னால் நிற்கும் ஒருவர் எட்டிப் பார்த்து, ஒரு படத்தின் அகலம் பிக்சலில் கொடுக்கப்பட்டிருப்பதைக் காட்டுவார். அதைச் சதவீதமாக மாற்றியதும் பக்கம் அடங்கி நிற்கும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவருக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர் முகத்திலேயே தெரியும்.

2. இதெல்லாம் இன்டர்நெட் வந்த அப்புறம்தானே ஆரம்பிச்சது?

ரொம்ப முன்னாடியே. 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஐபிஎம் 704 கணினியைப் பயன்படுத்திய நிறுவனங்களின் ஆட்கள் சேர்ந்து 'ஷேர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் விமான, விண்வெளித் துறைக்காரர்கள். தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். ஆனாலும் ஒரே நிரலை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பது வீண் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. எழுதியதைப் பகிர்ந்துகொண்டார்கள். 1961இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற நிறுவனத்தின் கணினிகளைப் பயன்படுத்தியவர்கள் 'டெக்கஸ்' என்று ஒரு குழு அமைத்தார்கள்.

இன்றைய மீட்டப்பின் சாயலை அப்படியே காட்டுவது ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் முதல் கூட்டம் நடந்தது. அவரும் ஃப்ரெட் மூரும் சேர்ந்து கூட்டியது. ஆல்டேர் 8800 என்ற, பாகங்களை வாங்கி வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளும் கணினி அப்போதுதான் வந்திருந்தது, அதைப் பார்க்கத்தான் முப்பது பேருக்கு மேல் திரண்டார்கள். பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அதில் ஒருவர். பிறகு அவர் ஆப்பிள் 1 கணினியின் சுற்று வரைபடத்தை அந்தக் கிளப்காரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்.

கூட்டம் பெருத்து ஒரு ஆய்வு மையத்தின் அரங்குக்கு மாறியதும், லீ ஃபெல்சன்ஸ்டைன் அதை நடத்தினார். அவர் கையாண்ட முறையில் இரண்டு பகுதிகள். முதலில் ஒவ்வொருவராக எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சபையில் சொல்வது. அடுத்தது கூட்டத்தைக் கலைத்துவிடுவது. யாருக்கு யார் தேவையோ அவர்கள் தேடிப் போய்ப் பேசிக்கொள்வார்கள். இன்று ஒரு குழு தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி நிரல் எனக்குத் தெரியாது. பேச்சாளரே கிடைக்காத மாதத்திலும் இது ஓடும்.

3. சரி, வெப்புக்குன்னு தனியா குழு எதுக்கு வந்துச்சு?

வெப் பிறந்த இடமான, ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று பொதுவில் விட்டது. அதன் பிறகு வெப் பரவிய வேகத்துக்குப் பள்ளி கல்லூரிப் பாடங்கள் ஈடுகொடுக்கவில்லை. அன்று வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் கற்க இருந்த வழி, பிடித்த பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்ப்பதும், தெரிந்தவரைக் கேட்பதும்தான். தெரிந்தவர் எங்கே கிடைப்பார் என்ற தேடலில்தான் குழுக்கள் பிறந்தன. 1995இல் நியூயார்க்கில் அலைசா ஷெர்மன் தொடங்கிய வெப்கர்ல்ஸ், வெப் வேலைக்கு வந்த பெண்களை நேரில் கூட்டியது. 1997இல் அதே நகரத்தில் பிரையன் டி ஃபாய், பெர்ல் என்ற நிரல் மொழிக்காரர்களுக்காக ஒரு குழு தொடங்கினார். அதைப் பார்த்து ஊர் ஊராகப் பெர்ல் மாங்கர்ஸ் குழுக்கள் முளைத்தன. வெப் பக்கங்களின் பின்னணி வேலைகளில் கணிசமானவை அன்று பெர்லில்தான் ஓடின.

உலாவிகளின், அதாவது பிரவுசர்களின், சண்டையும் ஒரு காரணம். நெட்ஸ்கேப்பில் நேராக நிற்கும் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் கோணிக்கொள்ளும். இதை எதிர்த்து 1998இல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்ற தன்னார்வக் கூட்டணி உருவானது. பொதுத் தரத்தை மதியுங்கள் என்று உலாவி நிறுவனங்களை அது விடாமல் நெருக்கியது. தனியாக அலுவலகத்தில் உட்கார்ந்து புலம்புகிறவருக்கு, தன் புலம்பல் ஊர்ப் புலம்பல் என்று தெரிய ஒரு இடம் வேண்டியிருந்தது.

4. மீட்டப் டாட் காம்ல கணக்கு இல்லாம குழு நடத்த முடியாதா?

தாராளமாக முடியும். இரண்டாம், மூன்றாம் கேள்விகளில் சொன்ன குழுக்கள் எல்லாம் அந்தத் தளத்துக்கு முந்தியவை. கூட்டங்களை அறிவித்து ஆள் சேர்க்கும் அந்தத் தளத்தை நடத்தும் மீட்டப் நிறுவனம் 2002இல் நியூயார்க்கில் தொடங்கியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதைப் பார்த்தபோது இந்த எண்ணம் வந்ததாக நிறுவனர்களில் ஒருவரான ஸ்காட் ஹைஃபர்மேன் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் கூட அது பெரிய வசதியாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அது ஒரு நிறுவனம். 2005இல் ஒருங்கிணைப்பாளர்களிடம் மாதக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2017இல் அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க் அதை வாங்கியது, 2020இல் மீண்டும் கை மாறியது, 2024இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனத்தின் கைக்குப் போனது. நடுவே 2019இல், வருவதாகப் பதிவு செய்கிறவரிடமே 2 டாலர் வாங்கும் சோதனை பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. ஆகவே அறிவிப்புப் பலகையாக அதை வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களைத் தொடர்புகொள்ள உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கட்டும். ஃபிராமசாஃப்ட் என்ற பிரெஞ்சு அமைப்பு 2020இல் வெளியிட்ட, நிகழ்வுகளை அறிவிக்கும் மொபிலிசான் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன.

5. பார்கேம்ப்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேற இது வேறயா?

வடிவம் வேறு, குணம் ஒன்று. மீட்டப் மாதாமாதம் ஒரு மாலைப்பொழுது. பார்கேம்ப் ஒன்றிரண்டு நாள் திருவிழா. அதில் பேச்சாளர் பட்டியலை முன்கூட்டி யாரும் முடிவு செய்வதில்லை. காலையில் காலிக் கட்டங்கள் போட்ட ஒரு பலகை இருக்கும், பேச விரும்புகிறவர் தலைப்பை எழுதி ஒட்டுவார். ஒரு அமர்வு பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இந்த வழக்கத்துக்கு மூலம் ஹாரிசன் ஓவன் 1980களில் வகுத்த ஓப்பன் ஸ்பேஸ் முறை.

முதல் பார்கேம்ப் 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில், ஒரு நிறுவனம் தந்த அலுவலக இடத்தில் நடந்தது. அழைப்பு உள்ளவர்கள் மட்டும் போகக்கூடிய ஃபூ கேம்ப் என்ற நிகழ்வு அப்போது பேர் பெற்றிருந்தது. அழைப்பே தேவையில்லாத ஒன்று வேண்டும் என்று சிலர் சுமார் ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். எப்படி நடத்துவது என்ற குறிப்பையும் பொதுவில் வைத்தார்கள். அதனால்தான் அது உலகம் சுற்றியது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதிலிருந்து கிளம்பியவை நாம் தினம் புழங்குபவை. வெப் பக்கங்களுக்கான நிரல் தொகுப்பான ஜேகுவரியை ஜான் ரெசிக் வெளியிட்டது 2006 ஜனவரியில் நியூயார்க் பார்கேம்பில். முதல் பார்கேம்பை நடத்தியவர்களில் ஒருவரான கிறிஸ் மெசினா, 2007 ஆகஸ்டில் ட்விட்டரில் ஹேஷ்டேக் யோசனையை முன்வைத்தபோது உதாரணமாகப் போட்ட சொல் 'பார்கேம்ப்'. தன்னார்வலர்கள் நடத்தும் கூட்டத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டையும் சொல்வேன்.

6. அஞ்சு நிமிஷப் பேச்சு வழக்கம் எங்கிருந்து வந்தது?

'லைட்னிங் டாக்' என்ற பெயரில் அது பரவியது 2000இல் பிட்ஸ்பர்கில் நடந்த பெர்ல் மாநாட்டிலிருந்து. ஏற்பாடு செய்தவர் மார்க் ஜேசன் டோமினஸ். 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சாகுச்சா என்ற குறும்பேச்சு நிகழ்வில் 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. 2006இல் சியாட்டிலில் வந்த அதே மாதிரியான இக்னைட்டில் அது 15 விநாடி. மேடை பயம் உள்ளவரை முதல் தடவை ஏற்றிவிட இதுதான் நல்ல வழி. ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் ஓடிவிடுகிறவர்கள் ஐந்து நிமிடம் என்றால் தலையாட்டிவிடுவார்கள்.

7. காசு வாங்காம இவ்வளவு வேலை ஏன் செய்யணும்? உள்ள ஏதாவது லாபம் இருக்குமே?

லாபம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நாலு பேர் நம்மை அறிவார்கள், வேலை மாறும்போது கை கொடுப்பார்கள், பேசப் பழகுவோம், புதிதாக வந்ததை முன்கூட்டியே தெரிந்துகொள்வோம். ஆனால் அதற்காக மட்டும் வருகிறவர் ஒரு வருடம் தாங்குவதில்லை. இடம் கேட்டு அலைவது, ஒயர் தேடுவது, கடைசி நேரத்தில் பேச்சாளர் கைவிரிப்பது என்று இதில் தலைவலி அதிகம். தாக்குப்பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் தனக்குக் கற்றுக்கொடுத்ததை நினைத்துக்கொண்டு செய்கிறவர்கள்தான்.

8. ஹால், டீ, சாப்பாடு எல்லாம் யார் செலவு? ஸ்பான்சர் வாங்கினா குழு அவங்க கைக்குப் போயிடாதா?

பெரும்பாலும் ஒரு நிறுவனம் மாலையில் காலியாகும் கூடத்தைத் தரும், அல்லது கல்லூரியோ நூலகமோ இடம் தரும். நீண்ட காலம் ஓடிய குழுக்களில் பல பணத்தையே தொடாமல் ஓடியவை. இடம் தந்தவரே டீ செலவையும் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும்போது கணக்கு வழக்கு என்ற பேச்சே எழாது.

ஸ்பான்சரால் வரும் ஆபத்து உண்மை. அது ஒரே நாளில் வராது. முதலில் இரண்டு நிமிட அறிமுகம், அப்புறம் ஆள் எடுக்கும் அறிவிப்பு, பிறகு முழுப் பேச்சே அவர்கள் தயாரிப்பைப் பற்றி என்று ஆகிவிடும். இதற்கு நான் பார்த்த நல்ல மருந்து, விதியை ஸ்பான்சர் வருவதற்கு முன்பே எழுதி வைப்பது: யார் பேசுவது என்பதைக் குழுதான் முடிவு செய்யும், வந்தவர்களின் பட்டியலை யாருக்கும் தர மாட்டோம். வந்தவர்களின் போன் நம்பரைக் கேட்கும் நிறுவனத்தின் கூடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

9. பெண்களுக்குன்னு தனிக் குழு எதுக்கு? எல்லாரும்தான் வரலாமே?

"எல்லாரும் வரலாம்" என்று பலகை வைத்த கூடத்தில் ஐம்பது ஆண்களும் இரண்டு பெண்களும் இருந்தால், அந்த இரண்டு பேருக்கு அது எல்லோருக்குமான இடமாகத் தெரியாது. இது புதிய யோசனையும் அல்ல. மூன்றாம் கேள்வியில் சொன்ன வெப்கர்ல்ஸ் 1995லேயே இருந்தது. நிரல் எழுதும் பெண்களுக்காக 2010இல் ஹெல்சின்கியில் ரெயில்ஸ் கர்ல்ஸ், 2011இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பைலேடீஸ், 2014இல் பெர்லினில் ஜாங்கோ கர்ல்ஸ் தொடங்கின. ஜாங்கோ கர்ல்ஸின் பயிற்சிப் பாடம் பொதுவில் இருப்பதால் யாரும் எந்த ஊரிலும் நடத்தலாம்.

நடத்தை விதிகள் பரவியதும் இதே காலத்தில்தான். தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்காக 2011இல் தொடங்கிய அடா இனிஷியேட்டிவ் போன்ற அமைப்புகள் மாநாடுகளைப் பின்தொடர்ந்து வற்புறுத்தி, தொல்லை தடுப்பு விதிகளை எழுத வைத்தன. விதியை ஒட்டி வைப்பதோடு நின்றால் போதாது. புகார் வந்தால் யார் கேட்பார், என்ன செய்வார் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இதில் தயங்கும் குழுவிலிருந்து முதலில் விலகுகிறவர்கள் சத்தம் போடாமல் விலகுகிறார்கள். அதனாலேயே காரணம் வெளியே தெரிவதில்லை.

10. 2020க்கு அப்புறம் ஆன்லைனே போதும்னு ஆகலையா?

2020 மார்ச்சில் கூடங்கள் மூடப்பட்டதும் குழுக்கள் ஒரே மாதத்தில் வீடியோ கூட்டச் செயலிகளான ஜிட்சிக்கும் ஜூமுக்கும் மாறின. அதனால் நல்லதும் நடந்தது. கைக்குழந்தை உள்ளவர்கள், வெகுதூரத்தில் இருப்பவர்கள், படியேற முடியாதவர்கள் வர முடிந்தது. பேச்சாளருக்குத் தூரம் ஒரு பொருட்டாக இல்லை.

போனது என்னவென்றால், முதல் பதிலில் சொன்ன அந்தப் பத்து நிமிடம். திரையில் பேச்சு முடிந்தால் சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும், பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்க்க வழியில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாமே என்றால், அதற்கு ஒலிக்கும் ஒளிபரப்புக்கும் மட்டுமே இரண்டு பேர் தனியாக வேண்டும். ஆள் இல்லாத குழு மாதம் விட்டு மாதம் மாற்றி நடத்துவது மேல்.

11. நல்லா போயிட்டிருந்த குழு திடீர்னு நின்னுடுதே, ஏன்?

வெளியே இருப்பவருக்குத்தான் அது திடீர். உள்ளே ஒரே ஆள் இடம் பிடித்து, பேச்சாளரைத் தேடி, அறிவிப்பு எழுதி, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்திருப்பார். அவருக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். அந்த மாதத்தோடு குழு நிற்கும். பேச்சாளர் பஞ்சத்தால் செத்த குழுக்களைவிடத் தோள் மாற்ற ஆளில்லாமல் செத்தவை அதிகம் என்பது என் உறுதியான கருத்து. கடவுச்சொல்கூட அவரிடம் மட்டும்தான் இருந்திருக்கும்.

தொழில்நுட்பம் மாறுவதும் காரணமாகலாம். ஒரு கருவியின் பெயரில் தொடங்கிய குழு அந்தக் கருவியோடு மங்கும். ஆனால் நின்றதெல்லாம் தோற்றதாகக் கணக்கு வைக்காதீர்கள். ஹோம்ப்ரூ 1986 டிசம்பரோடு முடிந்தது. வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் 2013இல் தன் வேலை முடிந்தது என்று அறிவித்துக் கலைந்தது. அடா இனிஷியேட்டிவ் 2015இல் மூடும்போது தன் கையேடுகளை எல்லோரும் பயன்படுத்தும்படி விட்டுச் சென்றது. சொல்லிவிட்டு முடிப்பது மரியாதையான முடிவு. சொல்லாமல் மறைந்தால்தான் வந்துகொண்டிருந்தவர்கள் கதவருகே நின்று திரும்பிப் போவார்கள்.

12. எங்க குழுவோட பழைய விவரம் ஒண்ணுமே கிடைக்கல. எங்க தேடறது?

முதலில் பழைய வெப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். பிறகு பழைய பேச்சாளர்களிடம் கேளுங்கள், ஸ்லைடு கோப்பின் முதல் பக்கத்தில் தேதியும் குழுவின் பெயரும் இருக்கும். புகைப்படங்களின் தேதியும் உதவும்.

கிடைக்காததற்குக் காரணம் உங்கள் அசிரத்தை மட்டும் அல்ல. நிகழ்வுப் பட்டியல் தளமான அப்கமிங்கை 2005இல் யாஹூ வாங்கி 2013இல் மூடியது. அன்று ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக அதை நகலெடுத்தது. மாநாட்டுப் பேச்சுகளைத் தொகுத்த லேன்யர்டை 2013இல் டிக்கெட் தளமான ஈவன்ட்பிரைட் வாங்கியது, பிறகு அதுவும் இல்லாமல் போனது. மின்னஞ்சல் குழுக்களுக்கான யாஹூ குரூப்ஸில் இருந்த கோப்புகளும் உரையாடல்களும் 2019 இறுதியிலும் அதை ஒட்டியும் அழிக்கப்பட்டன. இலவசமாகக் கிடைத்த இடத்தில் வைத்த நினைவுகள் இடத்துக்காரரோடு போய்விட்டன.

இனி நடப்பதையாவது காப்பாற்றலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பு போதும்: தேதி, இடம், யார் எதைப் பற்றிப் பேசினார், யார் ஏற்பாடு செய்தார், தோராயமாக எத்தனை பேர். அதைக் குழுவின் சொந்த டொமைனில், அதாவது குழுவே பதிந்து வைத்த வெப் முகவரியில், வையுங்கள். டொமைனைப் புதுப்பிக்கும் நினைவூட்டல் குறைந்தது இரண்டு பேருக்குப் போகட்டும். காலாவதியான டொமைனை யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவது அடிக்கடி நடக்கிறது. பேச்சாளர் பெயரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்க வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் பொதுவில் வேண்டாம்.

13. வரலாறு எழுதப் போனா "நான்தான் ஆரம்பிச்சேன்"னு மூணு பேர் நிக்கிறாங்க. என்ன பண்றது?

மூன்று பேரும் உண்மை பேசக்கூடும். இரண்டாம் கேள்விக்கே திரும்பிப் பாருங்கள். ஹோம்ப்ரூவைக் கூட்டியவர்கள் இருவர், அதைப் பல வருடம் நடத்தியவர் வேறு ஒருவர். ஒருவருக்கு யோசனை வந்திருக்கும், இன்னொருவர் இடம் பிடித்திருப்பார், மூன்றாமவர் நாலாவது மாதம் கூட்டம் நாலு பேராகச் சுருங்கியபோது விடாமல் நடத்தியிருப்பார்.

அதனால் 'நிறுவனர்' என்று ஒரு வரி எழுதாமல், நடந்ததை எழுதுங்கள். முதல் அழைப்பை அனுப்பியவர் யார், முதல் கூட்டம் எங்கே, முதலில் பேசியவர் யார், எந்த வருடம் யார் பொறுப்பில் இருந்தார்கள். மேடை ஏறாமல் ஒயர் மாட்டியவர்களின் பெயரும் அதில் வரட்டும். நினைவுகள் முரண்பட்டால் இரண்டையும் யார் சொன்னது என்று போட்டுப் பதியுங்கள். பதவி போய்ச் செயல் வந்ததும் சண்டையின் சூடு பெரும்பாலும் தணிந்துவிடும்.

14. ஏஐகிட்ட கேட்டா நிமிஷத்துல பதில் வருது. இனிமே மீட்டப் எதுக்கு?

படத்தின் அகலச் சிக்கலை அது தீர்த்துவிடும், உண்மைதான். ஆனால் கூடத்தில் கிடைப்பது வேறு சரக்கு. "தளம் கட்ட இந்த ஃபிரேம்வொர்க்கை நம்பி ஒரு வருஷம் ஓட்டினோம், இப்ப கழட்டிட்டிருக்கோம், காரணம் இதுதான்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். எழுத்தில் வராத, நிறுவனம் வெளியே சொல்ல விடாத அனுபவங்கள் அங்கேதான் வாயைத் திறக்கின்றன.

தவிர, புதிதாக வேலைக்கு வந்தவருக்குத் தேவை பதில் மட்டும் இல்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாத நிலையில் இருக்கிறவருக்கு, மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் முதல் பாடம். பேச்சுகளின் தன்மை மாறத்தான் வேண்டும். அடிப்படைப் பாடங்களைக் குறைத்து, உண்மையில் நடந்த திட்டங்களின் கதைகளைக் கூட்டுங்கள்.

15. நின்னுபோன குழுவைப் பழைய பேர்லயே திரும்ப ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் பழைய பொறுப்பாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள், கணக்குகளின் சாவியையும் தருவார்கள். பெயர் ஏதாவது மென்பொருளின் வணிகக் குறியாக இருந்தால் அந்த அமைப்பின் விதியைப் பாருங்கள். சில அமைப்புகள் உள்ளூர்க் குழுக்களுக்கு அனுமதி தருகின்றன, சில நிபந்தனை போடுகின்றன.

பழையவர்கள் பதிலே தராவிட்டால் புதுப் பெயரில் தொடங்கி, பழைய குழுவின் தொடர்ச்சி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முதல் நாளே மூன்று பேர் சேர்ந்து பொறுப்பெடுங்கள், சாவிகள் மூவரிடமும் இருக்கட்டும், ஒரு வருடம் முடிந்ததும் ஒருவராவது மாறட்டும். முதல் கூட்டத்துக்குப் பேச்சாளர் கிடைக்காவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன முறையில், "என்கிட்ட என்ன இருக்கு, எனக்கு என்ன வேணும்" என்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசச் சொல்லித் தொடங்குங்கள்.